தக்கைத் தூள் கொட்டிய வீடு

1

நேற்றுக் காலை இந்தக் குளிர்காலத்தின் முதல் உறைபனி. பள்ளிக்கூடம் கிளம்பிய என் மகள் கஸ்தூரி வாசற்கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவில் நின்ற தோழியோடு பேச ஆரம்பித்துவிட்டாள். நான் உள்ளேயிருந்து, "கதவ சாத்து, சூடு போவுது" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அது யாருடைய குரல் என்று உறைத்தது.

இராயபுரத்தில் நான் வேலை பார்த்த ஐஸ் தொழிற்சாலையில் கோவிந்தசாமி என்று ஒரு மேஸ்திரி இருந்தார். எல்லோருக்கும் அவர் நைனா. ஐஸ் அறையின் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தாலும், முற்றத்தின் அந்தக் கோடியில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருப்பவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். "கதவ சாத்து, சூடு வருது" என்று அங்கிருந்தே அதட்டுவார். அங்கே சூடு வந்தது, இங்கே சூடு போகிறது. மற்றபடி எனக்கும் நைனாவுக்கும் வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறது என்று என் மனைவி தேசம்மா சொல்கிறாள்.

நான் லிவர்பூலுக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. சரக்குக் கப்பலொன்றில் குளிர்சாதன இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவனாக ஏறி, இங்கே இறங்கி, துறைமுகத்தில் இறைச்சி வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் வேலைக்கு அமர்ந்தேன். பிறகு மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் இருக்கும் என் சிநேகிதர்கள் இதைப் படிக்கக்கூடும். அரண்மனை, பாலம், பாராளுமன்றம் என்று எதையாவது எதிர்பார்ப்பார்கள். மன்னிக்க வேண்டும். இந்தத் தேசத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது கதவிடுக்கு. அதைப் பற்றித்தான் எழுத முடியும்.

2

எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. செங்கல் சுவர், ஸ்லேட் கூரை, மரப்பலகைத் தரை. தொலைவிலிருந்து பார்த்தால் ஏ அப்பா, என்ன கெட்டியான வீடு என்று தோன்றும். உள்ளே குடியிருந்தால்தான் தெரியும், அது சல்லடை என்று. கதவுக்கு அடியில் காற்று, சன்னல் சட்டத்தில் காற்று, தரைப்பலகைகளின் சந்தில் காற்று. சுவரோடு கட்டிய கணப்பில் நிலக்கரி எரியும்போது முகம் சுடும், முதுகு விறைக்கும். நானும் தேசம்மாவும் தோசையைத் திருப்பிப் போடுவதுபோல் மாறி மாறித் திரும்பி உட்கார்ந்துகொள்வோம்.

கரியோ ரேஷன். கரிக் கடைக்காரரிடம் குடும்பத்தைப் பதிந்துகொள்ள வேண்டும், அவர் தருகிறபோதுதான் மூட்டை வரும். அதில் பாதி தூளும் கல்லும். எரிகிற கரியின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும் இடுக்குகள் வழியாகவும் வெளியே போய், லிவர்பூல் வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டில் மிஸஸ் பிராட்லி என்று ஒரு விதவை. உடம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. நாங்கள் குடிவந்த புதிதில் எட்டிப் பார்த்தவர், உங்கள் வீட்டில் மோசமான டிராஃப்ட் இருக்கிறது என்று கவலையோடு சொன்னார். எனக்குத் தெரிந்த டிராஃப்ட் பாரிமுனையில் பாங்கில் கொடுப்பது. அப்படி எதுவும் எங்களிடம் இல்லை, என் சம்பளம் கையில்தான் வருகிறது என்று விளக்கினேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்தார். ஜில்லென்று காற்று. அதற்குப் பெயரும் டிராஃப்டாம்.

இன்னொரு நாள், உறைபனி வருவதற்குள் தண்ணீர்க் குழாய்களுக்கு 'லாகிங்' செய்துவிடுங்கள் என்று தேசம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மாலையில் நான் வந்ததும் அவள், "கொயாய்க்கு இன்னாத்துக்கு மாமா லேகியம்?" என்று கேட்டாள். குழாய்க்குத் துணியோ சாக்கோ சுற்றிக் குளிர் படாமல் காப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இன்றுவரை எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் லேகியம்தான்.

3

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகவே இருந்திருக்கும், கஸ்தூரியின் நெஞ்சு கெட்டுப் போகாதிருந்தால்.

போன குளிர்காலத்தின் தொடக்கத்தில் அவளுக்கு இருமல் வந்தது. வந்த இருமல் போகவில்லை. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் ஒரு சத்தம். டாக்டர் வந்து முதுகில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவர் மூலையில் ஈரம் பூத்திருந்தது. இந்த அறையைச் சூடாகவும் ஈரமில்லாமலும் வைத்துக்கொள்ள முடியாவிட்டால், குளிர்காலம் முடியும்வரை குழந்தையை ஊருக்கு வெளியே உள்ள குழந்தைகள் ஆரோக்கிய விடுதிக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றார். வாரத்தில் ஒரு நாள் போய்ப் பார்க்கலாமாம்.

அவர் போனதும் தேசம்மா என்னிடம் சொன்னாள்: "எங்கியோ கொண்டும்போய் வுட்டுட்டு வாரத்துக்கு ஒரு தபா பாக்கறதுக்கா நா கப்பலேறி வந்தேன்? எம் பொண்ண தூக்கினு நா ஊருக்குப் பூடறேன் மாமா. நீ இங்க இருந்து கறிய காவல் காத்துக்க."

அவள் திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண். சொன்னால் செய்வாள். மாசியில் கிளம்பும் கப்பலில் இரண்டு பேருக்கு இடம் பிடித்து வைக்கும்படி சொன்னாள். மறுநாள் வேலை முடிந்து கப்பல் ஆபீசுக்குப் போய் முன்பணம் கட்டிப் பதிந்துவிட்டு வந்தேன். வீட்டைச் சரி செய்ய அதுவரை எனக்குத் தவணை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். இறந்துபோன ஆட்டுக்காக நாள் முழுவதும் ஒரு கட்டடத்தின் குளிரைக் காப்பாற்றுகிறேன். உயிரோடு இருக்கும் பெண்ணுக்காக ஓர் அறையின் சூட்டைக் காப்பாற்ற முடியாதா?

4

இந்த மாதிரி வேலையை முன்னே ஒரு தடவை செய்திருக்கிறோம். கஸ்தூரி பிறந்த வருஷம் நாங்கள் இராயபுரத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் குடியிருந்தோம். சித்திரை வெயிலில் தகரம் காய்ந்து, உள்ளே வைத்த பால் பகலுக்குள் திரிந்துவிடும். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. தேசம்மாவின் அண்ணன் ரத்தினம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவன் கிழிந்த கோணிச் சாக்குகளைக் கேட்டு வாங்கி வந்தான். அவற்றைப் பிரித்துத் தகரத்துக்கு ஒரு சாண் கீழே சீலிங் மாதிரி இழுத்துக் கட்டி, சுண்ணாம்பு அடித்தோம். தகரத்துக்கு மேலே மூங்கிலைக் கிடத்தி, அதன்மேல் தென்னங்கீற்றை இரண்டு வரிசை பரப்பினோம். மறுநாள் பகலில் குழந்தை அழாமல் தூங்கியது. அதைப் பார்க்கத் தெருவில் பாதிப் பேர் வந்து, தலையை உள்ளே நீட்டி, "மெய்தான், ஜில்லுனு கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஐஸ் தொழிற்சாலையிலும் அதே சங்கதிதான். இரட்டைச் சுவர் எழுப்பி நடுவில் உமியைக் கொட்டி இடித்திருப்பார்கள். அசையாமல் அடைபட்ட காற்றைத் தாண்டிச் சூடு சுலபத்தில் போகாது. வெளியிலிருந்து உள்ளே போகாதது, உள்ளேயிருந்து மட்டும் எப்படி வெளியே போகும்?

முதலில் காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. தேசம்மா தினமும் காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவாள். அந்தப் புகை ஒரு நாள்கூட நேராக எழும்பியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அதே பத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். நான் சாக்கட்டியோடு பின்னால் போனேன். புகை எங்கே சாய்கிறதோ அங்கே ஒரு கோடு. முடித்துவிட்டுப் பார்த்தால் வீடு முழுக்க யாரோ பிள்ளைகள் கிறுக்கி விளையாடியதுபோல் இருந்தது.

இடுக்குகளைத் தேசம்மா பார்த்துக்கொண்டாள். அவள் அப்பா மசூலாப் படகு வைத்திருந்தவர். ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்து, சந்தில் வைக்கோல் திணித்துக் கட்டும் படகு அது. சின்ன வயதில் திணிக்கிற வேலை அவளுக்கும் பழக்கம். நான் துறைமுகத்திலிருந்து பழைய கயிறு கொண்டுவந்தேன். அதைப் பிரித்துத் தரைப்பலகைச் சந்துகளில் மழுங்கிய உளியால் தட்டித் தட்டி இறக்கினாள். சன்னல் கண்ணாடிகளின் ஓரத்தில் மக்குப் பசை வைத்து அடைத்தோம், சட்டத்தைச் சுற்றிச் செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்துப் பசை போட்டு ஒட்டினோம். கதவுச் சட்டத்தில் கம்பளிப் பட்டை அடித்தோம். குழாய்களுக்கு லேகியமும் ஆயிற்று.

கூரைக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. உமிக்கு நான் எங்கே போவேன்? அதற்கு விடை பழச் சந்தையில் கிடைத்தது. ஸ்பெயினிலிருந்து வரும் திராட்சையை மரப் பீப்பாயில் தக்கைத் தூளுக்குள் புதைத்து அனுப்புகிறார்கள். பழத்தை எடுத்துக்கொண்டு தூளைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். வேண்டுமளவு அள்ளிக்கொண்டு போ என்றார் கடைக்காரர். எங்கள் குளிர்கிடங்குச் சுவருக்குள்ளும் பலகை பலகையாக இருப்பது இதே தக்கைதான். முதல் மூட்டையைப் பிரித்துக் காட்டியபோது தேசம்மா ஒரு பிடி அள்ளிப் பார்த்து, வலைக்குக் கட்டுகிற தக்கையா என்று கேட்டாள். ஆமாம், அதுவேதான். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். சீலிங்குக்கு மேலே கூரைக்கடியில் தவழ்ந்து போய், மரச்சட்டங்களுக்கு நடுவில் மெத்தை போட்டதுபோல் தூளைக் கொட்டிப் பரப்பினேன்.

கஸ்தூரிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளைக் கேத்தி என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் தமிழுக்கு இங்கிலீஷில் பதில் சொல்லப் பழகிவிட்டாள். அப்பா உன் கோட்டில் எப்போதும் ஏதோ தூள் இருக்கிறது, பள்ளிக்கூட வாசலுக்கு வரும்போது தட்டிவிட்டு வா என்று இங்கிலீஷில் சொன்னாள். வாசலுக்கு முந்தின தெருமுனையில் நின்று தட்டிக்கொள்ளத் தொடங்கினேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

5

எல்லாம் முடிந்த ஞாயிறன்று ஊதுபத்திப் புகை கயிறு கட்டி இழுத்ததுபோல் நேராக மேலே போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே சுவரின் அடியில் துளை போட்ட செங்கல் இரண்டு இருந்தது. தரைக்கடியில் காற்று போக வைத்தது. அதிலும் கந்தல் துணியைத் திணித்துவிட்டு வந்தேன்.

மதியம் மீன் குழம்பு வைத்து, மிஸஸ் பிராட்லிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டோம். கணப்பில் கரி இருந்தது, ஆனால் மந்தமாக, சிவந்தும் சிவக்காமலும் எரிந்தது. அறை கதகதப்பாக இருந்தது. எனக்குத் தலை லேசாக வலித்தது, சாப்பாட்டு மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தேசம்மா நாற்காலியில் கண்ணை மூடியிருந்தாள். கஸ்தூரி கணப்புக்குப் பக்கத்தில் கம்பளத்தில் சுருண்டிருந்தாள். இருமவில்லை. இருமல் நின்றுவிட்டதே என்று சந்தோஷமாக இருந்தது.

மிஸஸ் பிராட்லி குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து கதவைத் தட்டினார். எழுந்தபோது என் கால்கள் என்னுடையவையாக இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய், கம்பளிப் பட்டையில் இறுகிப் போயிருந்த கதவை இழுத்துத் திறந்தேன். வெளிக்காற்று உள்ளே பாய்ந்ததும் கணப்பில் கரி குப்பென்று சிவந்து எரிந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், கிண்ணத்தைக் கீழே போட்டார். கரி அள்ளும் மண்வாரியை எடுத்துச் சன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுக் கஸ்தூரியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு ஓடினார். நான் தேசம்மாவை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

குழந்தை முதலில் அசையவில்லை. பிறகு வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, "அம்மா, தலை நோவுது" என்றாள். தமிழில் சொன்னாள். தேசம்மா அவளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தக் குளிரில் கல்தரையில் உட்கார்ந்து அழுதாள். மிஸஸ் பிராட்லி தன் சால்வையை எடுத்து இருவர் மேலும் போர்த்தினார்.

டாக்டர் வந்து பார்த்தார், பயமில்லை என்றார். கரி எரியக் காற்று வேண்டும், அந்தக் காற்றுக்கு வழியில்லாவிட்டால் விஷவாயு அறைக்குள் தங்கிவிடும், அதற்கு வாசனைகூடக் கிடையாது என்று சொன்னார். ஐஸ் அறையில் எதுவும் எரிவதில்லை. கோணிச் சாக்குக்கு அடியிலும் எதுவும் எரியவில்லை. இங்கே நடுவீட்டில் ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது, அதுவும் எங்களைப்போல் மூச்சு விடுகிறது.

அன்றிரவே தேசம்மா டிரங்குப் பெட்டியில் குழந்தையின் துணிகளை அடுக்கினாள். நான் தடுக்கவில்லை.

6

இடுக்குகளை மறுபடி திறந்துவிட்டால் பழைய குளிர். திறக்காவிட்டால் புகை. கணப்புக்கு மட்டும் தனியாகக் காற்று கொண்டுவந்தால் என்ன என்று தோன்றியது. வெளிச்சுவரில் துளை போட்டு, தரைப்பலகைக்கு அடியில் இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, கணப்பின் வாயருகில் ஒரு கம்பிவலையில் முடிக்க வேண்டும். நெருப்பு அதன் பங்குக் காற்றைக் குழாயில் குடிக்கும், அறையின் காற்றைத் தொடாது.

ஓட்டையை அடைத்தபோது யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஓட்டை போடப் போகிறேன் என்றதும் அனுமதி வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரரின் ஏஜெண்டிடம் கேட்டால், சுவர் சம்பந்தப்பட்டது, நகராட்சியைக் கேள் என்றார். நகராட்சியில் ஒரு சன்னலிலிருந்து இன்னொரு சன்னலுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது சன்னலில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீடு உங்களுடையதில்லையே, வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்றார். சென்னைத் துறைமுக ஆபீசை விட்டு வந்த குறை எனக்கு அன்றைக்குத் தீர்ந்தது.

கடைசியில் மிஸஸ் பிராட்லி காரியத்தைக் கையில் எடுத்தார். ஏஜெண்ட் வாடகை வாங்க வந்த வெள்ளிக்கிழமை, எங்கள் வாசற்படியில் வழியை அடைத்துக்கொண்டு நின்றார். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியது நான், அதன் முகம் எந்த நிறத்தில் இருந்தது என்று தெருவெல்லாம் சொல்லட்டுமா என்று கேட்டார். ஏஜெண்ட் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். அங்கேயே நின்று, என் செலவில் செய்துகொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உடைந்த சன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டுவிட்டு, சனிக்கிழமை முழுவதும் செங்கல்லைக் குடைந்தேன். தரைக்கடித் துளைகளில் திணித்த கந்தலைப் பிடுங்கி எறிந்தேன். குழாய் போட்டு, வலை வைத்துக் கணப்பை மூட்டினோம். தேசம்மா கஸ்தூரியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து, ஊதுபத்தியோடு கணப்பின் முன்னால் நின்றாள். கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. புகை கணப்புக்குள் சாய்ந்து, புகைபோக்கியில் ஏறிப் போனது. அவள் நம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பத்தி ஏற்றினாள். அதுவும் போனது. மறுநாளும், அதற்கு மறுநாளும் ஏற்றிப் பார்த்த பிறகுதான் குழந்தையை அந்த அறைக்குள் விட்டாள். டிரங்குப் பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை.

7

தை பிறந்ததும் குளிர் அதன் முழு வேகத்தையும் காட்டியது. தெருக்குழாய் உறைந்தது, சாலையில் குதிரைகள் வழுக்கின. எங்கள் வீட்டில் பழைய மாதிரி பாதிக் கரிகூட எரியவில்லை. சுவர் மூலை ஈரம் காய்ந்து வெளிறியது. டாக்டர் வந்து கஸ்தூரியின் முதுகில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். விடுதிப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நாங்களும் நினைவுபடுத்தவில்லை. பூனைச் சத்தம் குறைந்து, ஒரு நாள் அடியோடு நின்றது. மிஸஸ் பிராட்லியின் கூரைக்கும் இரண்டு மூட்டை தக்கைத் தூள் போயிற்று. அப்பாதான் கொட்டினார் என்று கஸ்தூரி தன் தோழிகளிடம் சொன்னதாகக் கேள்வி.

மாசி நெருங்கிக்கொண்டிருந்தது. மிச்சப் பணத்தைக் கட்டுகிறீர்களா இல்லையா என்று கப்பல் ஆபீசிலிருந்து கேட்டு அனுப்பினார்கள்.

அன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் யாரும் வீட்டுக்குள் வெறுந்தரையில் உட்கார்ந்ததில்லை. ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி நாற்காலியிலேயேதான் வாழ்ந்தோம். அன்றைக்குத் தேசம்மா வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை, காலுறையும் இல்லை. கஸ்தூரி பக்கத்தில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் பாதங்கள் இரண்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

கப்பல்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன்.

தேசம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"கப்பல் போவட்டும் மாமா. நீ பூட்ஸ கயட்டிட்டு வந்து ஒக்காரு."